மைனர் நவநீதம், வயது சுமார் பதினொன்று

முப்பத்தொரு வருஷமாக மற்றவர்கள் வாங்கப்போகிற வீட்டின் காகிதங்களைப் படித்துப் பார்த்து, தாய்ப்பத்திரம் சரி, பட்டா சரி, வரைபட அனுமதி சரி, வில்லங்கம் ஏதுமில்லை, தாராளமாக வாங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுத்து வந்த நான், எனக்கென்று ஒரு வீடு வாங்கப் போனபோது எனக்கு ஐம்பத்தாறு வயது முடிந்திருந்தது, என் வீட்டுக்காரர் கஜபதியின் இரண்டு முட்டியும் தேய்ந்துபோயிருந்தன, நாங்கள் பதினோராவது வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு வீட்டுக்காரனுக்கும் ஒரு காரணம் இருந்தது, மகன் வருகிறான், மகள் வருகிறாள், இடித்துக் கட்டப்போகிறோம், நீங்கள் ஆணி அடிக்கிறீர்கள். கடைசி வீட்டுக்காரன் காரணம்கூடச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, அவ்வளவு அலுத்துப்போயிருந்தது.

சித்தேரிமேட்டில் யமுனா கார்டன் என்று ஒரு அடுக்குமாடி, இருபத்திநாலு வீடு, கார்டன் என்பது வாசலில் இருக்கும் இரண்டு குரோட்டன் தொட்டி. அதில் பதினேழாம் நம்பர் விலைக்கு வந்தபோது நான் பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். குழாயைத் திறந்து வாளி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தேன், குளியலறையில் தண்ணீரைக் கொட்டி எந்த மூலையில் தேங்குகிறது என்று பார்த்தேன், சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்டேன், மழை பெய்த மறுநாள் போய் மேல்கூரையில் ஓதம் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தேன், சாயங்காலம் போய் வெயில் எந்த ஜன்னலில் இறங்குகிறது என்று பார்த்தேன், விற்கிறவரின் பெயரில் மின் இணைப்பும் வீட்டு வரியும் இருக்கிறதா, கட்டி முடித்த சான்று இருக்கிறதா, பிரிபடாத பாகம் என்று பத்திரத்தில் எழுதியிருக்கிற மண் கணக்கு கூட்டினால் சரியாக வருகிறதா, எல்லாம் பார்த்தேன். ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. வில்லங்கச் சான்றிதழை எழுபத்தைந்தாம் வருஷத்திலிருந்துதான் எடுத்தேன், ஏனென்றால் கம்ப்யூட்டரில் ஏறியிருப்பது அதுவரைதான், அதற்கு முன்னால் வேண்டுமென்றால் பதிவு ஆபீசில் மனுக்கொடுத்து, தூசு படிந்த புத்தகத்தைத் தூக்கிவரச் சொல்லி, நாலு நாள் நடக்க வேண்டும். நடந்திருக்கலாம். ஆனால் அந்த மனைக்கு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் கட்டுமானக்காரருக்கு ஒப்பீனியன் எழுதிக்கொடுத்ததே நான்தான், அந்த ஃபைலில் வில்லங்கம் ஏதுமில்லை என்று என் கையெழுத்தே இருந்தது. என் கையெழுத்தை நானே நம்பாவிட்டால் வேறு எவர் நம்புவார்கள் என்று விட்டுவிட்டேன்.

வீட்டைப் பார்க்கப் போன அன்றைக்கே அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கார் நிறுத்துகிற இடத்தில், மோட்டார் ரூமை ஒட்டின சிமெண்டு மேடையில், கார்ட்டூன் பூனை போட்ட பனியனும் கணுக்கால்வரை பாவாடையுமாக, மடியில் ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஆன்ட்டி, நீங்கதான் வாங்கப்போறீங்களா?"

"ஆமாம்மா. நீ எந்த வீடு?"

"எல்லா வீடும்தான்" என்றாள். பிறகு புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே, "யாரு வாங்குனாலும் என்னை ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கறாங்க" என்றாள்.

நான் சிரித்துவிட்டுப் பையிலிருந்து ஒரு புளிப்பு மிட்டாய் எடுத்துக் கொடுத்தேன். பிள்ளைகள் எதையாவது பேசும் என்றுதான் நினைத்தேன்.

பத்திரம் பதிந்து, பால் காய்ச்சி, கஜபதியை லிஃப்டில் ஏற்றி ஜன்னலோரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, இனி எவனும் நம்மை எழுப்பமாட்டான் என்று சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்த மூன்றாம் நாள், சங்கத்துச் செயலாளர் ஜோதிலிங்கம் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். டெலிபோன் இலாகாவில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் வரிசைப்படி சொல்கிறவர்.

"மேடம், மோட்டார் காலைல ஆறு, சாயந்திரம் அஞ்சு. திங்களும் வியாழனும் லாரித் தண்ணி, அதக் குடிக்காதீங்க. மக்குற குப்பை பச்சைத் தொட்டி. லிஃப்ட்ல சைக்கிள் ஏத்தக்கூடாது. மாசத்துல பதினேழாம் தேதி வில்லங்கத்துக்கு உங்க வீட்டுல சாப்பாடு."

"எதுக்குச் சாப்பாடு?"

"வில்லங்கத்துக்கு. கீழ மோட்டார் ரூம்கிட்ட இருக்குமே, அந்தப் பொண்ணு. கத்திரிக்கா மட்டும் போடாதீங்க, நாக்கு அரிக்குதும்பா. ராத்திரி சாப்பிட்ட வீட்டுலயே படுத்துக்குவா, ஒரு பாய் போதும்." நோட்டைப் புரட்டி, "லிஃப்ட் ரிப்பேர்காரன் நம்பர் எழுதிக்கிறீங்களா?" என்று அடுத்ததற்குப் போய்விட்டார்.

அவரை உட்கார வைத்து, காபி கொடுத்து, கேட்டுக் கேட்டு வாங்கின கதை இவ்வளவுதான். அந்த மண் ஒரு காலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லை. அதன் சொந்தக்காரி சாகும்போது தன் ஒரே மகள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுச் செத்தாள். எழுபத்தொன்றில் அப்பன்காரன் அதை விற்றான். மைனர் சொத்தை விற்பதற்குக் கோர்ட்டு அனுமதி வேண்டும், அவன் வாங்கவில்லை. பதிவு செய்யப் போன அன்றைக்கு மகளைக் கொல்லையிலேயே வரப்பு மேல் உட்கார வைத்து, 'உன் கையெழுத்து வேணும்னா ஆபீசுலேர்ந்து கூப்பிடுவாங்க, அதுவரைக்கும் எல்லையத் தாண்டாம அசையாம இரு' என்று சொல்லிவிட்டுப் போனான், போனவன் போனவன்தான். அவள் சொல்பேச்சுக் கேட்கிற பெண். கொல்லை மனையானபோதும், மனையில் முள் மண்டியபோதும், கம்பி கட்டித் தூண் எழுப்பி அவளைச் சுற்றி நாலு மாடி ஏறியபோதும் எல்லையைத் தாண்டாமல் இருந்தாள், யாரும் கூப்பிடவில்லை, அதனால் அவளுக்கு வயசும் ஏறவில்லை.

இதில் ஆச்சரியப்பட யமுனா கார்டனில் ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. முதலில் குடிவந்த குடும்பங்கள் கொஞ்ச நாள் பார்த்தன, எந்த வீட்டுப் பிள்ளை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டன, பிறகு பசிக்குமே என்று ஒருத்தி தட்டில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள், அடுத்த நாள் இன்னொருத்தி கொடுத்தாள், ஒரே நாளில் மூன்று வீட்டுச் சாம்பார் வந்து வீணானபோது சங்கம் கூடி முறை போட்டது. தீபாவளிக்குத் தீபாவளி ஒரே அளவில் உடுப்பு எடுத்தார்கள். அவளுக்கென்று ஒரு பேர் இருக்கும் என்று யாருக்கும் தோன்றாமல், பத்திரம் தெரிந்த எவரோ ஒருவர் வாயிலிருந்து விழுந்த வில்லங்கம் என்பதே பேராகி, 'வில்லங்கம், ஒளிஞ்சு விளையாட வர்றியா' என்று பிள்ளைகள் கூப்பிட, அவளும் ஓடினாள். பிள்ளைகள் அவளை முதலில் அக்கா என்றார்கள், பிறகு வாடி போடி என்றார்கள், பிறகு பாப்பா என்றார்கள், பிறகு வேலைக்குப் போய்க் கல்யாணம் கட்டிக் கைக்குழந்தையோடு வந்து மோட்டார் ரூம் மேடையில் அவள் மடியில் குழந்தையைக் கிடத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் மாடியில் பர்வீன் என்று ஒரு டியூஷன் டீச்சர். அவள்தான் இந்தப் பெண்ணுக்கு ஆறாம் வகுப்புப் பாடம் எடுத்தாள், அந்த வயதுக்கு அதுதானே. பாடத்திட்டம் மாற மாறப் புதுப் புத்தகம் வரும், எல்லாவற்றையும் இவள் அட்டை முதல் அட்டைவரை மனப்பாடமாகச் சொல்வாள், ஏழாம் வகுப்பை மட்டும் யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை.

ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் விஷயம். மைனர் மேஜரானால், அதாவது பதினெட்டு முடிந்தால், அன்றிலிருந்து மூன்று வருஷத்துக்குள் 'என் சொத்தை விற்றது செல்லாது' என்று அவள் கோர்ட்டில் கேட்கலாம். கேட்டால் மண் அவளுடையது. மண் போனால் இருபத்திநாலு வீடும் அந்தரத்தில் நிற்கும். அதனால் யமுனா கார்டனில் அவளுக்குப் பிறந்தநாள் கிடையாது, சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு வைக்கிற வழக்கம் கிடையாது, 'வயசுக்கு வந்துட்டா' என்கிற பேச்சை எந்த வீட்டுப் பெண்ணைப் பற்றியும் அவள் காதுபடப் பேசுவது கிடையாது. ஒரே ஒரு தடவை, பத்து வருஷத்துக்கு முன்னால், பந்து கேட்டைத் தாண்டி ஓடியதென்று அவளும் பின்னாலேயே ஓடிவிட்டாள். எட்டு அடிதான். பந்தோடு திரும்பி வந்தபோது ஆறு மாசம் வளர்ந்தது போலப் பாவாடை நாலு விரற்கடை மேலே ஏறியிருந்தது. அன்றைக்கு மாடிமாடியாகப் பெண்கள் அழுதார்களாம். மறுநாள் சின்ன கேட்டுக்குப் பூட்டு போட்டார்கள்.

இவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். சம்பளத்தில் பாதியை மாதாமாதம் வீட்டுக்கே கொடுத்துக்கொண்டிருக்கிறவர்கள், சாயங்காலம் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது முகம் செத்துப்போயிருக்கும், அப்படியும் தன் முறை வந்த நாளில் அவளுக்கென்று ஒரு அப்பளம் சேர்த்துப் பொரிப்பார்கள். எனக்கு வந்த கோபமெல்லாம் என் மேல்தான். நாலு நாள் ஆபீசுக்கு நடந்தேன், நடக்க வேண்டிய காலத்தில் நடக்காத அந்த நாலு நாள். பழைய புத்தகத்தைத் தூக்கிவந்து போட்டார்கள். 'மைனர் குமாரத்தி நவநீதம், வயது சுமார் 11, அவருக்காகத் தகப்பனாரும் கார்டியனுமான ஏகாம்பரம்' என்று கறுப்பு மையில் தெளிவாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே அந்தப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் தூணே எழும்பியிருக்காது.

பதினேழாம் தேதி அவள் சாப்பிட வந்தாள். கஜபதி தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கை அவள் தட்டுக்குத் தள்ளினார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுவரில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தாள்.

"உன் பேரு நவநீதமா?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஆமா ஆன்ட்டி. யாரு சொன்னா?"

"புஸ்தகத்துல போட்டிருக்கு."

"கூப்புட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

"கால் மரத்துப்போச்சு ஆன்ட்டி" என்றாள். "ஓடுனா கூடப் போவ மாட்டேங்குது. இந்தப் பசங்கல்லாம் ஏழாவதுக்குப் போறாங்க, எட்டாவதுக்குப் போறாங்க, நான் போயிட்டு வந்தவங்க புள்ளைங்களோட விளையாடுறேன். எனக்கு விளையாடவே அலுப்பா இருக்கு. ஆனா அப்பா அசையாதன்னு சொல்லிட்டாரு."

அந்த அலுப்பு எனக்குத் தெரியும். ஐம்பத்தாறு வயதில் பதினோரு வாடகை வீடு மாறியவளின் அலுப்பு அது, பதினோரு வயதுப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. பாயை விரித்துப் போட்டேன், படுத்ததும் தூங்கிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு காலை சங்கக் கூட்டத்தில் ஜோதிலிங்கம் எழுந்து, "இவ்வளவு நாளா நம்மகிட்ட ஒரு வக்கீல் இல்ல, இப்ப வந்துட்டாங்க, மேடம் ஏதாவது வழி பண்ணணும்" என்றார். பதினொரு வயதிலேயே கையெழுத்து வாங்கிவிட முடியாதா என்று ஒருவர் கேட்டார். வாங்கலாம், செல்லாது என்றேன். இப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இன்னொருவர் சொன்னார். இன்னொரு பந்து ஓடினால் என்ன செய்வீர்கள் என்றேன். அப்போதுதான், இத்தனை வருஷம் காகிதத்தில் ஓட்டை தேடிய பழக்கம், என் வாய் தானாகச் சொல்லிற்று:

"பதினெட்டுலேர்ந்து இருபத்தொண்ணு வரைக்கும்தான் அவ கேக்கலாம். அதத் தாண்டிட்டா ஒண்ணும் கேக்க முடியாது. அவளுக்கு நெஜத்துல இப்ப அறுபத்திநாலு. கூப்பிட்டா வெளிய வருவா. எட்டு அடிக்கு ஆறு மாசம் ஏறுதுன்னா, நடக்க விட்டா தாண்டிருவா."

கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். இத்தனை வருஷம் அவள் வளர்ந்துவிடக் கூடாதென்று பூட்டு போட்டவர்கள், இன்றைக்கே கூப்பிடலாமா, நல்ல நாள் பார்க்க வேண்டுமா, யார் கூப்பிட்டால் வருவாள் என்று முட்டி மோதினார்கள். வீட்டின் நீள அகலத்தை அளக்க வைத்திருந்த டேப்பை எடுத்துக்கொண்டு ஜோதிலிங்கம் கேட்டிலிருந்து தெருவை அளந்து வந்தார். ஜெராக்ஸ் கடை வாசலில் பதினெட்டு வயசு. மருந்துக் கடைப் படியில் இருபத்தொன்று. பதிவு ஆபீஸ் வாசலில் கிட்டத்தட்ட அறுபத்திநாலு. "கணக்குக் கச்சிதமா உக்காருது மேடம்" என்றார், அவர் முகத்திலிருந்து பல வருஷத்து உறக்கமின்மை ஒரே நாளில் இறங்கியது போலிருந்தது.

"அப்புறம் அந்தப் பொண்ணு எங்க இருக்கும்?" என்று யாரோ ஒருவர் கேட்டார்.

"அத அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் ஜோதிலிங்கம்.

உடுப்புக்கு என்ன செய்வது என்று பெண்கள் கவலைப்பட்டார்கள், பதினொன்றில் கிளம்பி அறுபத்திநாலில் போய்ச் சேருகிறவளுக்கு எந்தத் துணி நிற்கும். பர்வீன் ஒரு நைட்டி தைத்தாள். பெரிய அளவில் தைத்து, தோளிலும் பக்கத்திலும் கீழேயும் மடித்து மடித்து ஒற்றை நூலில் ஓட்டியிருந்தாள், வளர வளர நூல் தானாக அறுந்து துணி இறங்கும். அதைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, பதினெட்டுல அவள நிறுத்திச் சொல்லுவீங்கல்ல? இது உன்னோட எடம், கேக்கணும்னா இப்பக் கேளுன்னு?"

"உன் வீடும்தானே பர்வீன் போகும்?"

"போகும்" என்றாள். கண் கலங்கிவிட்டது. "போனா போகட்டும்னு சொல்ற தைரியம் எனக்கு இல்ல. ஆனா சொல்லாம விடக் கூடாதுக்கா. எனக்குப் பாடம் ஒப்பிச்ச புள்ள."

"சொல்றேன்" என்றேன். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். அன்றைக்கே இரண்டு காகிதம் தயார் செய்தேன், ஒன்று விற்பனை செல்லாது என்று கோர்ட்டில் கேட்கிற மனு, இன்னொன்று எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவள் எழுதிக்கொடுக்கிற பத்திரம். இரண்டையும் ஒரே பையில் வைத்தேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, பால்கனிகளில் இருபத்திமூன்று குடும்பமும் நிற்க, நான் கேட்டுக்கு வெளியே போய் நின்று, கோர்ட்டில் கூப்பிடுவது போல மூன்று தடவை கூப்பிட்டேன். "நவநீதம்! நவநீதம்! ஏகாம்பரம் மகள் நவநீதம்!" மோட்டார் ரூம் மேடையிலிருந்து அவள் எழுந்தாள். நைட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டாள், புத்தகத்தை மூடி மேடை மேல் வைத்தாள், நடந்துவந்து கேட்டைத் தாண்டினாள். மேலேயிருந்து பிள்ளைகள், "வில்லங்கம், டாட்டா" என்றார்கள். அவள் திரும்பிக் கை காட்டினாள், காட்டும்போதே கை நீண்டது.

என் கையைப் பிடித்துக்கொண்டாள். இஸ்திரி வண்டி தாண்டும்போது என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டாள், பின்னல் இடுப்பைத் தாண்டி இறங்கியது, நைட்டியில் டப்பென்று ஒரு நூல் அறுந்தது. இஸ்திரிக்காரர் நிமிர்ந்து பார்த்து, "பொண்ணு வளந்துருச்சே" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை ஊதினார். ஜெராக்ஸ் கடை வாசலில் அவள் தானாகவே நின்றாள். பதினெட்டு வயசு. அழகான பெண். மூச்சு வாங்கினாள், ஆனால் சிரித்தாள்.

"அக்கா, கால் மரப்பு போயிடுச்சு" என்றாள். ஆன்ட்டி அக்காவாகியிருந்தது. பிறகு திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள். நாலு மாடியும் தெரிந்தது, எங்கள் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலில் கஜபதி தெரிந்தார்.

"அக்கா, அது எங்க எடந்தான?"

பை என் தோளில் இருந்தது. மனு மேலாகவே இருந்தது. அம்மா, இது உன் இடம்தான், கேட்பதென்றால் இப்போதே கேள், என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும். நான் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தேன், இனி வரப்போகிற பன்னிரண்டாவது வாடகை வீட்டு வாசலில் பாத்திரங்களோடு நின்று, 'எத்தனை பேர், சைவமா, அட்வான்ஸ் எவ்வளவு தருவீங்க' என்று ஒருவன் கேட்பதைக் கேட்டேன், என் உடம்பு முழுக்க அந்த அலுப்பு வந்து உட்கார்ந்தது.

"வெயில் ஏறுது, நட" என்றேன்.

சொல்பேச்சுக் கேட்கிற பெண், நடந்தாள். நாற்பத்தெட்டு அடி. அந்த நாற்பத்தெட்டு அடியும் நான் தரையைத்தான் பார்த்துக்கொண்டு நடந்தேன், இன்னும் சொல்லலாம், இன்னும் சொல்லலாம் என்று ஒவ்வொரு அடிக்கும் தோன்றியது, மருந்துக் கடைப் படி வந்தது, தாண்டியது. பையில் போன் அடித்தது. எடுத்தேன்.

"தாண்டியாச்சா மேடம்?" என்றார் ஜோதிலிங்கம்.

"தாண்டியாச்சு" என்றேன். அங்கே மாடிமாடியாகக் கைதட்டுகிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் அவள் வேகமாக வளர்ந்தாளா, நான் மெதுவாக நடந்தேனா, தெரியவில்லை. பால் பூத் தாண்டியபோது அவள் இடுப்பு அகன்றது, பள்ளிக்கூடச் சுவர் முடிகிற இடத்தில் நெற்றியோரம் நரைத்தது, கல்யாணமும் பிள்ளைப்பேறும் வேலைவெட்டியும் இல்லாமல் வெறும் வயசு மட்டும் அவள் மேல் மழை மாதிரி இறங்கியது. ரேஷன் கடை வாசலில் எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. அங்கே இரண்டு பேரும் ஒரு நாலு அடி ஜோடியாக நடந்தோம், அவள் என் முகத்தைப் பார்த்து, "நீயும் ரொம்பக் களைச்சுப்போயிட்டியே" என்றாள். அதற்குப் பிறகு என்னை ஏம்மா என்று கூப்பிட ஆரம்பித்தாள். நைட்டியின் கடைசி நூலும் அறுந்துவிட்டது, துணி சரியாக அளவுக்கு இறங்கியிருந்தது. பதிவு ஆபீஸ் படி ஏறும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள்.

எழுத்தர் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டார். சட்டப்படி இனி அவளிடம் வாங்க எதுவுமில்லை, இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஆட்சேபணை இல்லாப் பத்திரத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். எடுக்கும்போது மனுவும் கூடவே வந்து மேஜையில் விழுந்தது. மறைக்கத் தோன்றவில்லை. பெரியவர்கள் பத்திரத்தைப் படிக்கமாட்டார்கள், காட்டிய இடத்தில் போடுவார்கள், முப்பத்தொரு வருஷமாக நான் பார்த்தது அதுதான். ஆனால் இவள் ஆறாம் வகுப்புத் தமிழை இருபது வருஷம் படித்தவள். இரண்டையும் கையில் எடுத்து, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, ஒரு எழுத்து விடாமல், வாய்விட்டு, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். மூன்று வருஷ காலக்கெடு என்கிற இடம் வந்தபோது அங்கேயே நின்று, அதை இன்னொரு தடவை படித்தாள்.

"ஏம்மா" என்றாள், கோபமாகக்கூட இல்லை. "இத அந்த ஜெராக்ஸ் கடைகிட்டயே குடுத்திருக்கலாமே."

பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "குடுத்திருந்தா எங்க வீடெல்லாம் போயிருக்கும்" என்றேன். "பயந்துட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். இருபது வருஷமாக ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவர் தட்டில் சாப்பிட்டு, ஒவ்வொருவர் பாயில் படுத்து எழுந்தவள்.

"ஒண்ணும் போயிருக்காதும்மா" என்றாள். "ஒரு ரூம்பு கேட்டிருப்பேன்."

பிறகு பேனாவை வாங்கிக்கொண்டு, எந்த இடத்தில் போட வேண்டும் என்று கேட்டாள். நான் விரலை வைத்துக் காட்டினேன்.